ஓவியர் எங்கே நின்றார்?

கேள்வி: பழைய நிலக்காட்சி ஓவியங்களைக் கணினி வரைபடத்தோடு பொருத்தி ஆராய்கிறார்களாமே! ரசிக்க வேண்டியதைப் போய் அளக்கலாமா?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: வரைந்தவரே நில அளவையாளர் என்றால் அளக்காமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு! ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தள்ளி, பத்து புத்தே பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன், 1851இல் அதை ஓவியமாகவும் தீட்டினார்.

நிலத்தின் உயரத் தரவைக் கொடுத்தால், ஓரிடத்தில் நின்றால் எந்தக் குன்று தெரியும், எது மறையும் என்று கணினி சொல்லிவிடும். கணினி காட்டும் மலைவிளிம்பு ஓவியத்தோடு ஒத்துப்போனால் ஓவியர் நின்ற இடம் கிடைத்துவிடும். ஒத்துப்போகாவிட்டால்தான் எனக்கு இன்னும் ஆர்வம். கை மாற்றியதா, காலம் மாற்றியதா?

பெர்சி கார்ப்பென்டர் 1856இல் வாலிச் குன்றின்மேல் இருந்து சிங்கப்பூரை வரைந்தார். இன்று அங்கே போய் நிற்க முடியாது. குன்றை வெட்டி, அந்த மண்ணால் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு இன்றைய செயற்கைக்கோள் தரவு போதாது. பழைய அளவை வரைபடமும் வேண்டும்.

ஜொகூர் நீரிணையிலும் கடலைத் தூர்த்து நகரம் எழுப்புகிறார்கள். உங்கள் வீட்டில் பழைய கரையோரப் படம் இருந்தால், எடுத்த இடத்தையும் ஆண்டையும் அதன் பின்புறம் இன்றே எழுதிவையுங்கள்.