தென்னந்தோப்பும் காடுதான்!

வனவியல் படிக்கச் சேரும் மாணவருக்கு முதல் அதிர்ச்சி யானையால் வருவதில்லை, ஒரு வரையறையால் வருகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதத்தைத் தொட்டால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன சாதி என்ற விசாரணை கிடையாது. (சாதி கேட்காத அரசு ஆவணம் ஒன்றாவது இருக்கிறதே என்று மகிழலாம்.) ஆகவே பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் காட்டுக்கணக்கில் சேரலாம். தோப்புக் காவல் நாய் வனவிலங்கா என்பதுதான் பாக்கி. நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக வேண்டும் என்று 1988 தேசிய வனக்கொள்கை இலக்கு வைத்திருக்கும்போது, இப்படி ஒரு தாராள மனசு வசதிதான். அதனால்தான் சொல்கிறேன்: ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர், செயற்கைக்கோள் படத்தில் பச்சையைத் தேடுவதற்கு முன் அளவு நாடாவோடு மலையேற வேண்டும்.

நீலகிரியைப் பாருங்கள். உச்சியில் சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆனால் மரமில்லாத புல்வெளி இந்த வரையறைக்குள் நுழைய முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் வந்து, விடுதலைக்குப் பிறகும் அரசே நட்டு வளர்த்த சீகை மரமும் கற்பூர மரமும் அந்தப் புல்லை விழுங்கினால் வனப்பரப்பு கூடிவிடும். வரையாட்டுக்கு மேய்ச்சல் போய்விடும். சீகையை வெட்டிப் புல்லை மீட்டாலோ கணக்கில் காடு குறையும். வரையாடு மாநில விலங்குதான். அறிக்கை படிக்கும் பழக்கம் மட்டும் அதற்கு இல்லை.

நாடு முழுவதையும் நாடா பிடித்து அளக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆண்டுக்கணக்கில் நிகழும் மாற்றத்தைக் காட்ட வானத்துக் கண் வேண்டும். அந்த நிறுவனமும் சட்டப்படி பதிவான காட்டைத் தனியே காட்டுகிறது, களத்திலும் மரம் அளக்கிறது; குறை சொன்னால் பாவம் வரும். ஆனால் அந்தப் பச்சை சோலையா சீகையா என்பதை மரத்தடிக்குப் போனவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். போனால் வேலை எளிதென்றும் இல்லை. மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் எடுக்க வேண்டும். யாருடைய மார்பு என்று சண்டை வராமலிருக்க இந்தியாவில் 1.37 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும், கால் வழுக்காமல்.

இதைவிடக் கூரான ஆட்சேபம் ஒன்று உண்டு: மாணவர்களின் மாதிரிக் கட்டங்கள் பெரும்பாலும் ஜீப் பாதைக்கும் டீக்கடைக்கும் அருகிலேயே அமைந்துவிடுகின்றனவே, அந்தக் கணக்கை எப்படி நம்புவது? நியாயமான சந்தேகம். இதற்குத்தான் குலுக்கல் முறையில் இடம் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருகிறார்கள். குலுக்கலுக்கு இரக்கம் கிடையாது. உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே, யானைத்தடத்தின் மேலேயே புள்ளி விழும். வேட்டைத் தடுப்புக் காவலரை முன்னே விட்டு, அவர் போகலாம் என்றால் போக வேண்டும். யானை நிற்கிறதென்றால் இன்னொரு நாள் வரலாம். முள் குத்துகிறது என்பதற்காகப் புள்ளியைப் பத்து மீட்டர் தள்ளி வைக்கலாமா என்று மட்டும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்கக்கூடாது. தன் காலத்தில் தான் தள்ளி வைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து, பாவம், அவர் தவித்துப்போவார்.