அலறல் வித்வான்

மீட்டிங்கில் பேச வேண்டுமென்றால் இவர் கையைத் தூக்குவார். யாராவது கவனித்துவிட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்று இறக்கிக்கொள்வார். ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டால் ஐம்பதாகக் கொடுத்துவிட்டு நகர்வார். 2011-இல் மெட்டாலிகா பெங்களூருக்கு வந்தபோது வாங்கிய கறுப்பு டீ-ஷர்ட் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. ஆனாலும் அதைக் கரித்துணியாக்க அம்மாவுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. சென்னை அடுக்ககங்களில் பரவலாகக் காணப்படும் சாது ஜீவன். ஞாயிறு மதியம், மொத்தக் குடியிருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் வேளையில், அறையைத் தாழிட்டுக்கொண்டு, தன் இசைக்குழுவின் பாட்டை அலறிப் பதிவு செய்யும் அசுரனாவார்.

ஃபேன் ஓடக் கூடாது. ஏசியும் கூடாது. பதிவான அலறலை, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸ்ஸரில் கொடுத்து நசுக்கினால் உரத்ததெல்லாம் அடங்கும். பிறகு மொத்தமாக ஒலியைக் கூட்டும்போது அதுவரை பதுங்கியிருந்ததெல்லாம் மேலே வரும். மூச்சு வரும், ஃபேன் காற்று வரும், எதிர்வீட்டு குக்கரின் மூன்றாவது விசிலும் வரும். எனவே மே மாதத்திலும் ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு நரகத்தைப் பற்றிப் பாடுவார். அனுபவித்துப் பாடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீழ்வீட்டு மாமி ஒருமுறை படியேறி வந்து விசாரித்தார். "உங்க பையனுக்கு வாந்தியா? ஓமத் தண்ணி கொடுத்துப் பாருங்களேன்." பாட்டு என்று ஒப்புக்கொள்வதைவிட வாந்தியே கௌரவம் என்று முடிவெடுத்த அம்மா, "ஆமா மாமி, ஹோட்டல் சாப்பாடு" என்று சொல்லிச் சமாளித்தார்.

இவருடைய ஆதர்சக் குழுக்களில் ஒன்று நேபாம் டெத். அவர்கள் 1987-இல் வெளியிட்ட 'யூ சஃபர்' என்ற பாட்டு ஒரு நொடியைச் சற்றே தாண்டி முடிந்துவிடும். அந்த அளவோடு இவரும் நிறுத்திக்கொண்டால் ஊர் பிழைக்கும். இவர் பாட்டு ஏழு நிமிஷம்.

குரல் பதிவில் சரியாக அமையவில்லை என்றால் குற்றவாளி எப்போதும் மைக்தான். 1966-இலிருந்து உலகத்து மேடைகளிலெல்லாம் திட்டும் எச்சிலும் வாங்கிக்கொண்டு உழைக்கும் ஷூர் எஸ்எம்58 இவரிடம் இருக்கிறது. போதாதாம். மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' பாடியது எஸ்எம்7-இல் என்று எங்கோ படித்ததால், அதன் வாரிசான எஸ்எம்7பி தவணையில் வந்து இறங்கியது. அந்த மைக்கில் மெல்லப் பேசுகிறவருக்கு ஒலியைத் தூக்கிவிட ஒரு பூஸ்டர் தேவைப்படும். கூரை பெயரக் கத்துகிறவருக்கு எதற்கு? அதையும் வாங்கினார். முதல் டேக்கிலேயே சிவப்பு விளக்கு எரிந்து, அலைவடிவம் தலை வெட்டுப்பட்டுச் சப்பையாக நின்றது. கெயினைக் குறைக்கும் திருகு இலவசமாகவே கிடைக்கிறது என்பதால் அதன் மேல் இவருக்கு மரியாதை இல்லை.

அறை விஷயத்திலும் அப்படித்தான். மைக்குக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டினார். அந்த வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது கேட்பதெல்லாம் பாடுகிறவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையும்தான். தாத்தாவின் இலவம்பஞ்சு மெத்தையை முதுகுப்பக்கம் நிறுத்திய அன்றே எதிரொலி பாதி செத்தது. அந்த வெற்றியை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மெத்தைக்கு மாடல் நம்பர் கிடையாதே.

தொண்டை விஷயம் மட்டும் அவருக்கு அத்துப்படி. குரல் நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல் நாண்கள் என்று ஒரு ஜோடி உண்டு. அடிக்குரல் உறுமலில் அவையும் சேர்ந்து அதிரும். நியூயார்க் ஆசிரியை மெலிசா கிராஸ் தொண்டை புண்ணாகாமல் அலறுவது எப்படி என்று 2005-இல் டிவிடியே போட்டிருக்கிறார். பழகிய உறுமல் நேரில் அவ்வளவு உரக்கக் கேட்காது. அதற்குப் பூத உடம்பு கொடுப்பது மைக்கும் கம்ப்ரெஸ்ஸரும்தான். இந்த ரகசியம் மாமிக்குத் தெரியாதவரை நல்லது.

அப்புறம் அந்த மைக் பிடி. ஸ்டாண்டில் பூட்டிவிட்டு ஒரு ஜாண் தள்ளி நின்றால் வார்த்தை புரியும். இவரோ பழைய 58-ஐ எடுத்து வலைத் தலையை முஷ்டிக்குள் பொத்திக்கொள்வார். திசை பிரித்துக் கேட்கும் திறன் போய், குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிவிடும். ஆனால் கண்ணாடியில் பார்க்க அமர்க்களமாக இருக்கிறதாம்.

பதிவு முடிந்தால் சுத்திகரிப்பு. கேட்பவருக்குச் சாக்கடைப் பூதம் எழுந்து வர வேண்டும். ஆனால் அந்தப் பூதத்தின் உச்சரிப்பில் ஒரு 'ஸ்' கூடப் பிசிறக் கூடாது. நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வழித்துவிடுவார். மூவாயிரம், நாலாயிரம் பக்கம் காதைக் குத்தும் இடத்தைத் தேடித் தேடிச் சீவுவார். அதே வரியை இன்னொரு முறை பாடி, ஒன்றை இடமும் ஒன்றை வலமும் வைப்பார். அதற்கு அதே கோபம், அதே நொடியில், அதே நீளத்துக்குத் திரும்ப வர வேண்டும். வாடகைத் தேதியில் வீட்டுக்காரருக்குத்தான் அது கைவந்த கலை.

நள்ளிரவில் கோப்பு குழுவின் வாட்ஸ்அப்புக்குப் போகும். டிரம்ஸ்காரர் கேட்டுவிட்டு எழுதுவார்: "செம மச்சி. டிரம்ஸ் மட்டும் கொஞ்சம் ஏத்தலாம்." கிட்டார்காரர்: "வோக்கல் கொஞ்சம் கம்மி பண்ணா என் ரிஃப் கேட்கும்."

வித்வானுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். "நல்ல பாயின்ட்டுடா, தேங்க்ஸ்" என்று பதில் போட்டுவிட்டு, இப்போது பாடினால் அல்லவா குரல் அமையும் என்று ஃபேனை நிறுத்தி மைக்கைப் போடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் தண்ணி லாரி வந்து நின்று மோட்டாரைப் போடும்.