மஞ்சள் கரு யாருக்கு?

வாசகி, கயத்தாறு: மஞ்சள் கரு சூடு என்கிறார்கள். பிள்ளைக்கு வெள்ளைக்கரு மட்டும் கொடுத்து, மஞ்சளை நாய்க்குப் போட்டுவிடுகிறேன். சரிதானே?

நாய் நன்றாக வளரும். பிள்ளை வளர வேண்டாமா? 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மஞ்சளில்தான். கண்ணுக்கான வைட்டமின் ஏ, எலும்புக்கான வைட்டமின் டி, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் மூன்றும் மஞ்சளை நம்பித்தான் இருக்கின்றன. முழு முட்டையாகக் கொடுங்கள்.

வாசகர், கழுகுமலை: கம்பும் சோளமும் தின்று வளர்ந்த உடம்புக்கு முட்டை எதற்கு?

கம்பையும் சோளத்தையும் விடவே விடாதீர்கள். ஆனால் இரண்டிலும் லைசின் என்ற புரதக்கூறு குறைவு. முட்டையில் அது நிறைய. கஞ்சி குடிக்கிற வீட்டுக்குத்தான் முட்டை அதிகம் தேவை. சைவர்கள் பருப்பாலும் பாலாலும் இதை ஈடு கட்டலாம்.

வாசகி, கடம்பூர்: நாட்டுக்கோழி முட்டையில்தான் சத்தா?

ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, மஞ்சளின் அடர்த்தி தீனியால் வருவது. புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு முட்டையை நல்ல விலைக்கு விற்று, அந்தக் காசில் வெள்ளை முட்டை வாங்கினாலும் பிள்ளைக்கு நஷ்டமில்லை. விற்ற காசு முட்டையாகத் திரும்பி வருகிறதா என்பதுதான் முக்கியம்.

வாசகி, ஓட்டப்பிடாரம்: வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்கள் வழக்கம். தொடரலாமா?

நல்லெண்ணெய் இருக்கட்டும், உளுந்தங்களியும் இருக்கட்டும். முட்டையை மட்டும் அவித்துவிடுங்கள். அவித்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். சால்மோனெல்லா கிருமியின் பயம் வேறு. முட்டையில் வைட்டமின் சி கிடையாது, அதன் இரும்புச்சத்தும் எளிதில் உடம்பில் சேராது. அதனால் கூடவே கீரையும் நெல்லிக்காயும் கொடுங்கள்.

வாசகர், கோவில்பட்டி: எனக்குச் சர்க்கரை உண்டு. தினம் முட்டை தின்னலாமா?

ஆரோக்கியமான பெரியவருக்குத் தினம் ஒன்று தவறில்லை. சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

வாசகர், எட்டயபுரம்: பள்ளிக்கூடச் சோற்றில் முட்டை எப்போது வந்தது?

உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி! காமராஜரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். முட்டை வந்தது 1989இல், கலைஞர் ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில், மழை பொய்த்த வருஷம் முதலில் குறைவது காசு கொடுத்து வாங்கும் பண்டம்தான். அந்த வருஷத்திலும் பிள்ளையின் தட்டில் முட்டை இருக்கிறது. இந்த நாட்டுக்குத் தமிழ்நாடு காட்டிய மிக நல்ல வழிகளில் இது ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

வாசகி, கயத்தாறு: என் மகன் பள்ளிக்கூட முட்டையைத் தின்னாமல் தங்கச்சிக்கு என்று பையில் கொண்டுவருகிறான். திட்டவும் மனசில்லை.

திட்டாதீர்கள், தங்கமான பிள்ளை. ஆனால் அந்த முட்டை அவன் வளர்ச்சிக்கானது. அவித்த முட்டை வெயிலில் பைக்குள் மணிக்கணக்காகக் கிடந்தால் கெட்டும் போகும். இரண்டு வயது தாண்டிய தங்கச்சிக்கு அங்கன்வாடியில் தனியாக முட்டை உண்டு. நாளைக்கே கூட்டிப்போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.