பட்டாளத்தான் பி.ஏ.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா தன் சிப்பாய்களைச் செலவுக்குக் காசு கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியது. பாடப்புத்தகங்கள் இதற்கு ‘நன்றிக்கடன்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. நன்றியெல்லாம் பிற்பாடு மேடையில் பேசச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்தது பயம்.

பயத்துக்குக் காரணம் ஒரு பழைய பாக்கி. முதல் உலகப் போரில் சண்டை போட்டவர்களுக்கு 1924-இல் போனஸ் அறிவித்தார்கள். கையில் கிடைப்பது 1945-இல். அதற்குள் செத்துப்போனால் வாரிசுக்கு உடனே உண்டு என்று ஒரு சலுகை வேறு! 1932-இல் வேலையும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஆயிரக்கணக்கான மாஜி சிப்பாய்கள், “செத்த பிறகு எதற்கு, இப்போதே கொடுங்கள்” என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு வாஷிங்டனில் வந்து குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதிபர் ஹூவர் பணத்துக்குப் பதிலாகப் பட்டாளத்தை அனுப்பினார். தலைமை ஜெனரல் மெக்கார்தர், கூடமாட ஒத்தாசைக்கு மேஜர் ஐசனோவர், குதிரைப்படையோடு மேஜர் பேட்டன். பிற்காலத்தில் ஹிட்லரையும் ஜப்பானையும் ஒரு கை பார்க்கப்போகும் மூவரும் ஒத்திகையைச் சொந்த ஊர்க்காரர்கள்மேலேயே பார்த்துக்கொண்டார்கள். டாங்கி வந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, குடிசைகள் எரிந்தன. நவம்பரில் தேர்தலும் வந்தது. ஹூவர் மூட்டை கட்டினார்.

அடுத்து வந்த ரூஸ்வெல்ட் கெட்டிக்காரர். மறுவருடம் இன்னொரு கூட்டம் வந்தபோது மனைவி எலினாரை அனுப்பிவைத்தார். அம்மையார் சேற்றில் நடந்து, அவர்களோடு சேர்ந்து பாட்டும் பாடிவிட்டு வந்தார். போனஸ் மட்டும் வரவில்லை. ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட மறுத்தும், 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறித்தான் அதைக் கொடுத்தது.

ஆயிரக்கணக்கானோருக்கே இந்தப் பாடு. இப்போது இரண்டாம் போரிலிருந்து ஒன்றரைக் கோடிப் பேர், அதுவும் துப்பாக்கி சுடப் பழகியவர்கள், ஒரே மூச்சில் கப்பலிறங்கி வேலை கேட்கப்போகிறார்கள். வாஷிங்டனுக்குத் தூக்கம் போனது. அரசு கமிட்டி போட்டது. கமிட்டியோ, எல்லோருக்கும் ஒரு வருடப் படிப்பு, அதற்கு மேல் பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் என்று அளந்து அளந்து பேசியது. நன்றி இப்படித்தான் கிள்ளிக் கொடுக்கும். அள்ளிக் கொடுக்கப் பயம் வேண்டும்.

அள்ளியவர் ஹாரி கோல்மெரி. கன்சாஸ் வக்கீல், அமெரிக்கன் லீஜியன் என்ற மாஜி வீரர் சங்கத்தின் முன்னாள் தலைவர். வாஷிங்டன் மேஃப்ளவர் ஹோட்டலில் அறை எடுத்து, ஹோட்டல் லெட்டர் பேடிலேயே சட்டத்தைக் கையால் எழுதித் தள்ளினார். வீட்டுக் கடன், படிப்பு, வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் என்று எல்லாமே அதில் இருந்தன. சண்டை முழுக்க அந்த 20 டாலருக்குத்தான். படிப்புப் பகுதியை, போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

சண்டைக்காரர்களில் முதல்வர் மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ரேங்கின். கறுப்பருக்கும் அதே 20 டாலரா என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல். இரு அவைகளின் கூட்டுக் குழுவில் மக்களவைக்காரர்கள் மூன்றுக்கு மூன்று என்று நின்றார்கள். ஏழாவது ஆள் ஜான் கிப்சன் ஜார்ஜியாவில் ஊரோடு இருந்தார். என் ஓட்டை ஆதரவாகப் போட்டுவிடு என்று அவர் ரேங்கினிடமே ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். பூனையிடம் பாலைக் காவல் வைத்தால் என்ன ஆகும்? ரேங்கின் போட மாட்டேன் என்றுவிட்டார்.

லீஜியன்காரர்கள் கிப்சனைத் தேடிக் கிளம்பினார்கள். ரேடியோவில் அறிவிப்பு, சாலையில் போலீஸ். நள்ளிரவில் ஆள் கிடைத்ததும் மழையில் காரைப் பறக்கவிட்டு ஜாக்சன்வில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றினார்கள். நார்மண்டியில் படைகள் இறங்கி நான்கே நாள். அங்கே ஒரு கண்டத்தை மீட்டுக்கொண்டிருக்க, இங்கே ஒரு ஓட்டை மீட்டார்கள். ஜூன் 10 காலை கிப்சன் கையைத் தூக்கினார். 1944 ஜூன் 22-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு 500 டாலர்வரை ஃபீஸ், கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தனுக்கு 75. ஹார்வர்டுக்கே அந்த ஃபீஸ் தாராளம்.

இப்போது படித்தவர்கள் பதறினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் நாடோடிகளின் கூடாரமாகிவிடும் என்று பத்திரிகையில் எழுதினார். இரண்டு வருடம் முன்புதான் அவருடைய பல்கலைக்கழக மைதானத்துக் கேலரிக்கு அடியில் உலகின் முதல் அணு உலையை இயக்கிப் பார்த்திருந்தார்கள். நாடோடிதான் அபாயமாம்! ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும் தரம் போய்விடும் என்று கவலைப்பட்டார்.

வந்தவர்கள் தரத்தைக் கெடுத்தது உண்மைதான், மற்றவர்கள் மார்க்கை. ராத்திரி பகலாகப் படித்து வகுப்புச் சராசரியை ஏற்றிவிட்டு, கூடப் படித்த சின்னப் பையன்களிடம் ‘சராசரியை ஏற்றும் சனியன்கள்’ என்ற ரீதியில் பட்டமும் வாங்கினார்கள். புதுசாய்ச் சேர்ந்தவன் கோமாளிக் குல்லா போட வேண்டும் என்பது பல கல்லூரிகளில் ராகிங் சம்பிரதாயம். குண்டு மழையில் ஹெல்மெட் போட்டவனிடம் மீசை முளைக்காத சீனியர் குல்லாவை நீட்டினால் எப்படி இருக்கும்? சம்பிரதாயம் பல இடங்களில் சத்தமில்லாமல் செத்தது.

1947-இல் கல்லூரி மாணவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாஜி சிப்பாய்கள். ஹாஸ்டல் போதவில்லை. டிராய் நகரத்து ரென்ஸலர் கல்லூரி, டாங்கி இறக்கும் கடற்படைக் கப்பல்களை ஹட்சன் ஆற்றில் கட்டிப்போட்டு அதில் பையன்களைத் தங்கவைத்தது. தப்பித்து ஊர் வந்தவனைக் கப்பல் விடவில்லை. பெண்கள் மட்டுமே படித்த வாசர் கல்லூரிகூட ஆண்களுக்குக் கதவு திறந்தது. இடம் வேறெங்கும் இல்லாததால் அங்கே சேர்ந்தேன் என்று வீட்டில் சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? கோனன்ட்டும் கடைசியில், ஹார்வர்டு கண்ட மாணவர்களிலேயே இவர்கள்தான் பக்குவமானவர்கள் என்று இறங்கிவந்தார்.

காசு புழங்கும் இடத்தில் கல்லூரி முதலாளி சும்மா இருப்பாரா? சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்ப் பையன் தலையிலும் வெளிமாநில ரேட்டைக் கட்டின. பார்ட்னர் பிடித்து ஆடும் நடனத்துக்கும், ஆளுமை வளர்ச்சிக்கும் தெருவுக்குத் தெரு பள்ளிகள் முளைத்தன. 1948-இல்தான் பொழுதுபோக்குக்கெல்லாம் காசில்லை என்று காங்கிரஸ் விழித்துக்கொண்டது. அத்தனை பேர் அடித்துக்கொண்ட 20 டாலரோ? ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. கண்டுகொள்ளாமல் விட்ட படிப்பில்தான் 78 லட்சம் பேர் நுழைந்தார்கள். அதில் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள்.

ரேங்கினுக்கும் பெரிய நஷ்டமில்லை. சட்டத்தில் நிறம் எழுதவில்லை, ஆனால் கதவின் சாவியை உள்ளூர் அதிகாரிகளிடம் விட்டுவைத்தார்கள். தெற்கில் வெள்ளைக் கல்லூரிகள் பூட்டியே இருந்தன. கறுப்பர் கல்லூரிகளில் இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள். ஹூவரை வீட்டுக்கு அனுப்பிய ஓட்டு தெற்கத்திக் கறுப்புச் சிப்பாயிடம் இல்லை. பயம் காட்ட முடியாதவனுக்குப் படியளக்க எவனுக்கு அவசரம்?

மெட்கர் எவர்ஸ் என்பவர் நார்மண்டிக்குப் போய்த் திரும்பிய மிசிசிப்பிக்காரர். 1946-இல் ஓட்டுப் போடப் போனார். ஆயுதம் வைத்திருந்த வெள்ளையர் கும்பல் விரட்டியது. இந்தச் சட்டத்தின் தயவில் ஆல்கார்ன் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1954-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் வக்கீல் படிப்புக்கு மனுப் போட்டார். சிபாரிசுக் கடிதம் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். நார்மண்டிக்குக் கப்பலேற்றும்போது அவரிடம் யாரும் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை.