மூவர் கையும் ஒரு ஹார்ட் டிஸ்கும்

பாஸ்வேர்டு மறந்துபோன ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு புவனகிரிக் கடைகளில் ஏறி இறங்குகிறவர்கள், அப்படியே வெள்ளாற்றைத் தாண்டித் தில்லைக்கே போய்விடலாம். டிஸ்க் திறக்காது, ஆனால் இதே சிக்கலில் ராஜராஜ சோழனே மாட்டிக்கொண்டான் என்ற ஆறுதல் கிடைக்கும். திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதைப்படி, தேவார ஏடுகள் கோயிலில் ஓர் அறையில் கிடக்கின்றன. கதவில் மூவர் கை இலச்சினை. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரும் சிவலோகம் போய் எத்தனையோ காலம். ராஜா சளைக்கவில்லை, மூவருடைய திருமேனிகளையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சிலை வேறு, ஆள் வேறு என்று மறுத்தால் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர் கதி என்னாவது? கதவு திறந்தது. போட்டோவைக் காட்டி செல்போனைத் திறக்கும் வித்தைக்கு வயது ஆயிரம். உள்ளே இருந்தது புற்று. எண்ணெயை ஊற்றி ஊறவைத்து மண்ணைக் கரைத்து எடுத்ததில், செல் தின்றதுபோக மிஞ்சியது கொஞ்சம். பாடியது 1,03,000 பதிகம் என்பது புராணக் கணக்கு. இன்று கையில் இருப்பது ஏறக்குறைய 800. திருடன் யாரும் அந்தப் பக்கம் வந்ததாகக் கதையில் இல்லை. செல்லை அந்தப் பூட்டு தடுக்கவில்லை. கேட்டு வந்தவனைத்தான் தடுத்தது.

இன்றைய பூட்டுக்கும் குணம் அதுதான். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஓடும், மதர்போர்டு பேட்டரியைப் பிடுங்கி மாட்டினால் மறந்துவிடும் என்று யோசனை சொல்ல ஊருக்கு நாலு பேர் உண்டு. பேட்டரி வைத்தியம் மதர்போர்டின் பாஸ்வேர்டுக்கு எடுபடலாம். டிஸ்கின் பாஸ்வேர்டு டிஸ்குக்குள்ளேயே எழுதியிருக்கிறது, எந்தப் பெட்டியில் மாட்டினாலும் கூடவே வரும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டென்றால் திரை 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இல்லையென்றால் கடைக்காரத் தம்பியின் தீர்ப்புதான்: “ஃபார்மட் பண்ணிடலாம் சார், டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது, டேட்டாதான் போயிடும்.” மண்டபம் இருக்கிறது, பெண்ணும் மாப்பிள்ளையும்தான் இல்லை. ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமரின் 7,002 பிட்காயினுக்கான சாவி ஒரு சின்ன ஐயர்ன்கீ டிரைவுக்குள் மாட்டிக்கொண்ட கதை 2021-ல் உலகம் சுற்றியது. மொத்தம் பத்து வாய்ப்பு. எட்டு அப்போதே தீர்ந்துவிட்டது.

தில்லைக் கதை புராணம்தானே, ராஜராஜனுக்கு முன்பே கோயில்களில் பதிகம் பாடியிருக்கிறார்களே என்று சரித்திரம் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவோர் வருகிறார்கள். அது என் கட்சிக்குத்தான் பலம்: அறைக்கு வெளியே வாய்களில் இருந்தது செல்லரிக்கவில்லை. அதே புராணத்தில் ஏடு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை. அதைத் தந்தவள் விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில், இன்றைய ராஜேந்திரபட்டினத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். அவளிடம் இலச்சினை கேட்க யாரும் இல்லை. ஏட்டில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917-ல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான், வெயிலிலும் மழையிலும் எல்லார் கண்ணிலும் படும்படி, கல்லில் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறான்.

அப்படியென்றால் பூட்டே வேண்டாமா? வேண்டும். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் வீட்டுப் படங்களும் பேங்க் விவரமும் ஊர் சுற்றக் கூடாது. பூட்டிய டிஸ்க் பையில் போகட்டும். நகல் ஒன்று வீட்டு பீரோவில் இருக்கட்டும், பக்கத்தில் அந்த 48 இலக்கம் எழுதிய தாள். தாளையும் செல் அரிக்குமே என்றால், அரிக்கும்தான்; போகிக்கு பீரோவை ஒழிக்கும்போது வருஷம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை. தாளெல்லாம் பழைய முறை என்று அந்த எண்ணைப் பத்திரமாக அதே டிஸ்கிலேயே சேமித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் சிலையைக் கொண்டுவந்து நிறுத்துவதென்று ராஜராஜனுக்கே விளங்காது.