தங்கம் தேடிய மலைகள்

கஞ்சமலையில் தோண்டினால் தங்கம் கிடைக்குமாமே? (வாசகர், சேலம்)

அடிவாரத்து ஓடை மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அது தங்கமல்ல, மேக்னடைட் என்ற இரும்புத்தாது. 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துத் தாதை நம்பித்தான் இறங்கினார். அந்த ஆலை நொடித்ததற்கு முக்கியக் காரணம் கரித் தட்டுப்பாடு. மலையில் தாது தீரவில்லை. கரிக்கு வெட்டிய காடுதான் தீர்ந்தது.

தமிழ்நாட்டு மலையில் தங்க வேட்டை நடந்ததுண்டா? (வாசகி, நாமக்கல்)

கூடலூர் பக்கம் தேவாலா, பந்தலூரில் நடந்தது. 1880-ஐ ஒட்டி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காப்பித் தோட்டங்கள் யானை விலைக்குப் போயின. சில வருடங்களில் எல்லாம் திவால். இன்று அங்கே விளைந்து காசு தருவது தேயிலை!

கோலாருக்கும் நமக்கும் என்ன உறவு? (வாசகர், ராசிபுரம்)

கோலார் தங்கச் சுரங்கத்தில், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறை நடுவே உடைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. தொழிலாளிகள் பலர் நுரையீரலில் கல்தூசியோடு வந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள்.

தங்கம் விற்கிற விலைக்கு மறுபடியும் மலைகளைத் தோண்டினால் என்ன? (வாசகி, திருச்செங்கோடு)

கோலாரில் சயனைடு கலந்த மண் இன்னும் குன்று குன்றாக நிற்கிறதே, அதை யார் அள்ளுவது? அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தொடட்டும்.