அசையாதது எது? காய் நறுக்கும் அலகுகள் பற்றி ஒரு விசாரணை

தமிழில் வாளுக்கும் வேலுக்கும் இலக்கியம் உண்டு. வெண்டைக்காய் நறுக்கும் கத்திக்கு இல்லை. எப்போதாவது ஓங்குகிற கருவிக்கு அத்தனை பாட்டு. நாள்தோறும் இருவேளை கையில் எடுக்கிற கருவியின் அலகு நேராக இருக்க வேண்டுமா, வளைந்திருக்க வேண்டுமா என்று கேட்க ஓர் உரையாசிரியரும் முன்வரவில்லை. இந்த அலட்சியத்தின் பலனைப் பாத்திரக்கடையில் காணலாம். பிடியின் நிறம், பளபளப்பு, விலை என்று பார்த்துக் கத்தி வாங்குகிறார்கள். வடிவத்தைக் கவனிக்கிற சிலரும் அது எந்தக் காய்க்கு ஏற்றது என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்வியே பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. அலகின் வடிவத்தைத் தீர்மானிப்பது காய் அன்று. நறுக்கும் நேரத்தில் எது அசையாமல் இருக்கிறது என்பதே.

முதலில் அறுபடுதலின் இயல்பை நிறுவியாக வேண்டும். பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து நேராக அழுத்தினால் தோல் குழிகிறது, பழம் நசுங்குகிறது, சாறு சட்டையில் பீச்சுகிறது. அதே கத்தியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், தோல் உடனே வழிவிடும். அழுத்தத்தோடு இழுப்பும் சேர்ந்தால் வெட்டத் தேவையான விசை குறைகிறது. டோனி அட்கின்ஸ் என்ற பொறியியல் அறிஞர் வெட்டுதல் பற்றியே 2009-இல் ஒரு தடித்த நூல் எழுதி இதற்குக் கணக்கும் போட்டிருக்கிறார். 1792-இல் பிரான்சில் கில்லட்டினைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் அலகைச் சாய்வாகவே மாட்டினார்கள். நேர்கீழாக மட்டுமே விழக்கூடிய அலகுக்கு அந்தச் சாய்வுதான் இழுப்பைத் தருகிறது. வெங்காயத்தை ஆராயுமிடத்தில் கழுத்தைக் காட்டுவது முறையோ எனின், விதி இரண்டுக்கும் பொது என்க. ஆகவே அலகின் வளைவு அழகுக்காக வந்ததன்று; இழுப்பை உண்டாக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. கையே தாராளமாக இழுக்குமானால் வளைவு தேவையில்லை.

இனி அரிவாள்மனை. இங்கே அலகு அசைவதே இல்லை. பலகையைக் காலால் அழுத்திக்கொள்ள, எதிரே நிமிர்ந்து நிற்கும் அலகில் காயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இரண்டு கையும் காய்க்கே கிடைக்கின்றன. மீன் சந்தைக்குப் போனால் இதன் அருமை தெரியும். வழவழவென்று நழுவும் மீனை ஒரு கையால் பிடித்து மறு கையால் கத்தி போடுவது எவ்வளவு சிரமம்! மீன் நறுக்கித் தரும் பெண் தலையையும் வாலையும் இரு கையாலும் பற்றி, அலகின் மேல் அழுத்தி இழுத்து, துண்டு துண்டாகக் கூடையில் தள்ளிக்கொண்டே பேரமும் பேசுகிறார். பூசணி, சேனைக்கிழங்கு முதலிய பெருங்காய்களுக்கும் இதே நியாயம். நின்று சமைக்கும் மேடை வந்தபிறகு அரிவாள்மனை பரணுக்குப் போனதே, ஆகவே அது தோற்ற வடிவம் அல்லவா என்பாரும் உளர். பொருந்தாது. தோற்றது நம் முழங்கால், அலகு அல்ல.

இளநீர்க் கடையில் நிலைமை நேரெதிர். இடக்கையில் காய் இருக்க, அரிவாள் கையோடு சேர்ந்து வீசி வருகிறது. அந்த அலகுக்கு முன்பக்கம் கனம் வேண்டும். வேலையில் பாதியை எடையே செய்கிறது. அடுக்களைக்கு இது ஆகாது என்பதை நிறுவ ஆய்வு தேவையில்லை.

இப்போது கடைகளில் அதிகம் விற்கும் நீண்ட, வயிறு வளைந்த, கூர்முனைக் கத்திக்கு வருவோம். ஓட்டல் சமையற்காரர்களின் கத்தி இது. இதற்கு அசையாத பொருள் பலகை. நுனியைப் பலகையில் ஊன்றி, பிடியை ஏற்றி இறக்கினால் வளைவு உருண்டு கொத்தமல்லியைப் பொடிப்பொடியாக்கும். ஜப்பானில் 1940-களில் வீட்டுச் சமையலுக்கென்று பரவிய சாந்தோகு, இதன் வயிற்றைக் குறைத்து நுனியையும் தாழ்த்திக்கொண்டது; ஆனாலும் பலகையை விடவில்லை. பலகையும், இடுப்பளவு மேடையும், நின்று நறுக்கும் பழக்கமும் இருக்கும் வீட்டில் இவற்றை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் நறுக்குவது எப்படி? மடியில் தட்டு, கண் தொலைக்காட்சியில், கையில் நாலைந்து பீன்ஸ். பலகை கிடையாது. வலக்கையின் நான்கு விரல்கள் பிடியைச் சுற்றியிருக்க, கட்டைவிரல் காயின் மறுபுறம் முட்டுக் கொடுக்கிறது. அலகு காயைக் கடந்து கட்டைவிரலைத் தொட்டு நிற்கிறது, தோல் அறுவதில்லை. இதை அற்புதம் என்று விட்டுவிடக் கூடாது. அலகும் கட்டைவிரலும் ஒரே கையைச் சேர்ந்தவை. கை மூடும்போது அழுத்தம் உண்டு, இழுப்பு இல்லை. பல ஆண்டுகளாக நறுக்கியவர்களின் கட்டைவிரலில் காய்க்கறை ஏறிய மெல்லிய கோடுகள் மட்டும் இருப்பது இதற்குச் சான்று. வயிறு பெருத்த அலகாயின் அது விரல்மேல் உருளும், உருளும்போது நகரும், அந்த நகர்வே மேலே சொன்ன இழுப்பு. மிச்சத்தைப் பிளாஸ்திரி சொல்லும். ஆகவே உள்ளங்கையில் நறுக்குவோர்க்கு உரியது நேரான கூர், ஒரு சாணுக்கும் குறைந்த நீளம், முதுகு வளைந்து இறங்கி நுனியை மழுக்கிவிட்ட அலகு. மேலைநாட்டார் ஆட்டுக் குளம்பின் பெயரால் அழைக்கும் இவ்வடிவத்தைப் பாய்மரக் கப்பல் மாலுமிகள் விரும்பினார்கள். ஆடும் தளத்தில் கூர்முனை யார்மேல் பாயும் என்று சொல்ல முடியாதல்லவா.

நுனி இல்லாமல் எப்படி என்பதே இதற்கு எழும் பெரிய தடை. சமையலுக்கு நுனி எவ்வளவு வேண்டும் என்பதை வரலாறு முன்பே விசாரித்திருக்கிறது. 1669-இல் பிரான்சின் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார்; சாப்பாட்டு மேசைக் கத்திகள் மழுங்கின, பிரெஞ்சுக்காரர்கள் பட்டினி கிடக்கவில்லை. 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மூன்று மருத்துவர்கள், கத்திக்குத்துகளைக் குறைக்க நீண்ட கூர்முனைக் கத்திகளின் விற்பனையைத் தடை செய்யலாமே என்று எழுதினார்கள். அவர்கள் கேட்ட 10 சமையற்கலைஞர்களில் ஒருவரும் அப்படிப்பட்ட கத்தி இன்றியமையாதது என்று சொல்லவில்லை. குட்டைக் கத்தியின் நுனி போதும் என்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டவும் கத்தரிக்காயில் புழு தேடவும் அந்தச் சிறு நுனி உதவுவது உண்மையே. இவற்றை அலகின் அடிமூலையாலும் செய்யலாம். கை பழகப் பத்து நாள் ஆகும்.

வேறொரு தடையும் உண்டு. நம் வீட்டுக் கத்திக்கு நறுக்குவது மட்டுமா வேலை? டப்பா மூடியை நெம்புவது, பார்சல் கிழிப்பது, குக்கர் பிடியின் திருகாணியை முடுக்குவது எல்லாம் நுனியின் தயவால் அல்லவா நடக்கின்றன என்பர். வலுவான வாதம். ஆனால் நெம்பிய நுனிகள் என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும். முதலில் வளைகின்றன, அடுத்த டப்பாவில் முறிகின்றன. முறிந்த கத்தியைச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் முனையைத் தேய்த்து உருட்டித் தருகிறார். புதுக் கத்தி உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடக்க, பீன்ஸ் நறுக்க உட்காரும்போது எல்லாரும் தேடுவது அந்த மூக்கறுந்த பழைய கத்தியைத்தான்.